காற்றுள்ளபோதே

அட்டைக்கு இரண்டு முனையிலும் வாய் இருப்பதுபோல் தெரியும். அகலமான பக்கம்தான் வால். அந்த வால் உறிஞ்சியில் தூண்டில் முள்ளை ஏற்றினால்தான் தண்ணீருக்குள் உடம்பை நீட்டி, நாடாவைப்போல நெளிந்து நீந்தும். மறுபக்கம் ஏற்றினால் நீச்சல் கோணிப்போகும். இதை எனக்குக் காட்டித்தந்தபோது பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. ஜூன் பிறந்தும் விடாத காலைக்குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணம் வால்பாறை. கல்லூரிக் காலத்தில் அங்கே போய்வந்து விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது அது சிவப்பாக நனைந்திருந்தது. அட்டை என்றால் இன்றும் எனக்கு முதலில் அந்தக் காலுறைதான்.

"இது மனுசன் ரத்தம் குடிக்கிற ஜாதி இல்லை" என்றார் பெரியவர். உண்மைதான். இங்கே இரைக்கென்று டஜன் கணக்கில் விற்கும் அட்டை வேறு இனம். ஆனால் புத்திக்குத் தெரிந்த செய்தி விரலுக்குப் போய்ச்சேர எனக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது.

பெரியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அவர் பேசுவது ஆங்கிலம். அதில் நீயும் நீங்களும் ஒன்றுதான். என் காதில் அவர் சொல்வது எப்போதும் 'நீ' என்றும், நான் சொல்வது 'நீங்கள்' என்றும்தான் விழுகிறது. ஊர்க்காரர்கள் எல்லோரையும்போல நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். பதினோரு வருடமாகியும் ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு கணம் தயங்கும்.

நாங்கள் மீன் பிடிக்கப் போகும் ஏரியின் பெயர் மில் லாக்ஸ். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணிநேரம். பரப்பு ஏறத்தாழ 535 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையின் 426 சதுர கிலோமீட்டரை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். இவ்வளவு அகலத்துக்கு ஆழம் இல்லை. மிக ஆழமான இடமே 42 அடிதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஊதிப்பார்த்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட ஏரி என்று புரிந்துவிடும். காற்று கொஞ்சம் கனத்தால் போதும், குட்டையும் செங்குத்துமாக அலைகள் எழும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கடல் அலைக்கு ஒரு மூச்சு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

இங்கே எல்லோரும் தேடிவரும் மீன் வால்ஐ. நம் வாளைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பெயரின் ஒலி மட்டும்தான் ஏமாற்றுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் இதையே பிக்கரல் என்கிறார்கள். இங்குள்ள பழங்குடிகளின் ஓஜிப்வே மொழியில் ஒகா. மினசோட்டா 1965-இல் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. ஏரிக்கரையில் கேரிசன் என்ற சிற்றூரில் இதற்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சதை, முள் குறைவு, வாசம் இல்லை. என் மனைவியின் தீர்ப்பு: வறுவலுக்குத் தேவலாம், புளிக்குழம்புக்கு ஆகாது.

அதன் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிடித்த மீனைக் கையில் வைத்துத் திருப்பினால் கண் பால்கண்ணாடிபோல் வெளுத்துத் தெரியும், பார்வை போன கண்ணென்று நினைக்கத் தோன்றும். உண்மையில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக்கு இருப்பதுபோல. கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் அதை இரண்டுமுறை பயன்படுத்திக்கொள்ளும் கண். மங்கலில் இதற்கு நன்றாகத் தெரியும். இது தின்கிற பெர்ச் மீனுக்கு அந்த மங்கலில் அவ்வளவாகத் தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் வால்ஐ வயிறு வளர்க்கிறது. அதனால் நல்ல வெயில் அதற்குப் பிடிக்காது. உச்சிப்பொழுதில் ஆழத்துக்குப் போய் அடியோடு அடியாகக் கிடக்கும்.

காற்றின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிபோல் கிடக்கும் ஏரியில் வெயில் நேரே அடிவரை இறங்கும். காற்று அடித்து மேற்பரப்பு உடைந்தால் ஒளி சிதறிப்போகும், கரையோர மண் கலங்கும். நடுப்பகலிலேயே தண்ணீருக்குள் ஒரு சாயங்காலம் வந்துவிடும். வால்ஐ அதை மாலை என்று நம்பி மேட்டுப்பகுதிக்கு இரை தேடி ஏறும். ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் எழும் அலைக்கு இங்குள்ள தூண்டில்காரர்கள் வால்ஐ அலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க முகத்தில் தண்ணீர் தெளித்து, இடுப்பை உலுக்கி, தொப்பியைப் பறித்துக்கொண்டு போகிற அதே காற்றைக் கும்பிட்டு வரவேற்கிற நிலைமை. சபிக்கவும் முடியாது.

நமக்குக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இங்கே வெறும் திசைதான். மேல்காற்றில் மீன் நன்றாகக் கடிக்கும், கீழ்க்காற்றில் மிகக் குறைவாகக் கடிக்கும் என்று ஒரு சொலவடை மட்டும் இருக்கிறது. நான் படகில் ஏறும்போதெல்லாம் மனசுக்குள் கோடையா கொண்டலா என்று பார்த்துக்கொள்வேன். நான் சொல்லவந்த நாளில் அடித்தது கோடை, சொலவடைப்படி நல்ல காற்று. ஆனால் காலை ஆறு மணிக்கு இறங்கியவர்களுக்குப் பத்து மணிவரை ஒரு கடி இல்லை.

அந்த நான்கு மணிநேரத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்வேன். அது பொய். நீருக்கடியில் ஒரு பாறைமேடு இருக்கிறது, அதன் மேற்கு ஓரத்துக்குப் படகைக் கொண்டுபோய், எஞ்சினை அணைத்து, பக்கவாட்டில் ஒரு பெரிய துணிப்பையைத் தண்ணீரில் இறக்குவோம். பை தண்ணீரை வாங்கிக்கொண்டு பாராசூட்போல் விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் காற்று நம்மை ஓட ஓட விரட்டும். மெல்ல மேட்டைக் கடந்து கிழக்கு ஓரம் வந்ததும் பையை ஏற்ற வேண்டும். நனைந்த பை ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். திரும்ப மேற்கே போக வேண்டும். அலையை எதிர்த்துப் போகிற அந்தப் பத்து நிமிடம் முகத்தில் யாரோ சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுபடியும் பை, மறுபடியும் மிதப்பு. முதல் சுற்று 18 அடி ஆழத்தில், அடுத்தது 22 அடியில், அதற்கடுத்தது 26 அடியில். அட்டைக்குப் பதில் மண்புழு. நரம்பில் கோத்த சிவப்பு மணிக்குப் பதில் பச்சை மணி. ஈயம் 7 கிராமில் தொடங்கி 14 கிராம்வரை போயிற்று.

ஈயத்தை ஏன் மாற்றவேண்டும் என்றால், காற்று தங்கூசி நரம்பைப் பிடித்துக்கொள்கிறது. கோல்நுனிக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச நரம்பு வில்லாக வளைந்துவிடும். வளைந்த நரம்பில் சேதி வராது. வால்ஐ வெடுக்கென்று இழுக்கிற மீனும் இல்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே இருப்பவனுக்கு நரம்பின் மறுமுனையில் ஈரத்துணி மாட்டியதுபோல் கொஞ்சம் கனம் தெரியும். பிரெய்னர்ட் என்ற ஊர்ப்பக்கத்துத் தூண்டில்காரர்களான லிண்ட்னர் சகோதரர்கள் பரப்பிவிட்ட தூண்டில் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஈயம் நரம்பில் கட்டப்படாமல் கோக்கப்பட்டிருக்கும், தரையோடு நடந்துபோகும். ரீலின் கம்பியைத் திறந்து வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் மடிப்பில் நரம்பை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கனம் தெரிந்தால் விரலை விட்டுவிட வேண்டும். ஈயம் அடியில் கிடக்க, நரம்பு அதன் வழியாக ஓடும். மீனுக்குச் சந்தேகம் வராது. மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு இழுத்தால் மீன்.

ஆக, நான்கு மணிநேரமும் உயிர் அந்த விரல் மடிப்பில் இருக்கிறது. ஈயம் கல்லில் உரசினால் ஒரு மாதிரி, மணலில் இழுபட்டால் ஒரு மாதிரி, பாசியில் சிக்கினால் வேறு மாதிரி. மூன்றாவது மணிநேரத்தில் விரல் மரத்துப்போகும், அதற்குப் பிறகு எல்லாமே மீனாகத் தோன்றும். அன்று நான் எட்டுமுறை விரலை விட்டு எட்டுமுறை ஐந்துவரை எண்ணினேன். எட்டும் கல்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சிகரப் படமும் அதன்கீழ் நம்பிக்கையோடிரு என்ற பொருளில் ஒரு வாசகமும் மாட்டியிருக்கிறார்கள். பாசிட்டிவாக இரு என்பது இப்போது தமிழிலும் குட்மார்னிங்போல் புழங்கும் சொல். வாட்ஸப்பில் சூரியோதயத்தோடு வருகிறது. எனக்கு அந்தச் சொல்மேல் பெரிய மரியாதை கிடையாது. மனசை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டால் உலகமும் அந்தப் பக்கம் திரும்பும் என்கிற ரகசிய பேரம் அதில் இருக்கிறது. ஏரியோடு அப்படி ஒரு பேரம் பேசிப்பார்த்தால் தெரியும்.

பெரியவரிடம் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. நான் பார்த்த மனிதர்களிலேயே அவநம்பிக்கை மிகுந்தவர் அவர். படகை இறக்கும்போதே இன்று ஒன்றும் கிடைக்காது என்பார். மேகம் வந்தால் மழை வரப்போகிறது. மேகம் விலகினால் வெயில் ஏறிவிட்டது, மீன் கீழே போய்விடும். அவர் வாயிலிருந்து வருகிற மிக உயர்ந்த பாராட்டு இந்த ஊருக்கே உரிய ஒன்று: இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே புது அட்டையை எடுப்பார். இருபத்திரண்டு அடியில் ஒன்றும் வரவில்லை என்றால் அவருக்கு அது தோல்வி அல்ல, தகவல். "இங்கே இல்லை, அது தெரிந்துவிட்டது" என்பார், ஏதோ ஒரு அறையைத் தேடிமுடித்துக் கதவைச் சாத்துகிறவர்போல. அடுத்த அறைக்குப் படகைத் திருப்புவார்.

நான் கொஞ்சகாலம் இதை முரண்பாடு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மீன் வரும் என்று முழுக்க நம்பிப் படகில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னையே முதல் வருடத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் பத்து மணிக்கு முகம் தொங்கிப்போய்க் கைப்பேசியை எடுப்பவர்கள். நம்பிய அளவுக்கு ஏரி கடன்பட்டுவிட்டது, அது வட்டியும் கட்டவில்லை. பெரியவருக்கு ஏரி எதுவும் தர வேண்டியதில்லை. அவருடைய மனம் எங்கே வேண்டுமானாலும் சோர்ந்து கிடக்கட்டும், கை மட்டும் முடிச்சு சரியாக இருக்கிறதா, முள் மழுங்கியிருக்கிறதா, அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முள்ளை நகத்தின்மேல் வைத்து லேசாக இழுப்பார். கீறினால் கூர், வழுக்கினால் அரத்தை எடுப்பார்.

சமீப வருடங்களில் இந்தச் சோர்வான நாட்களுக்குப் புது வேதனை ஒன்று சேர்ந்திருக்கிறது. படகுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை நேரலையாகக் காட்டும் சோனார் திரை. அன்று பக்கத்தில் மிதந்த படகில் இரண்டு இளைஞர்கள் வைத்திருந்தார்கள். மீன் வெளிச்சக் கோடாகத் தெரிகிறது, நம் இரை இன்னொரு புள்ளியாக அதன் முன்னால் இறங்குகிறது, மீன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. காற்றைத் தாண்டி அவர்களுடைய வசவு எங்களுக்குக் கேட்டது. மீனே இல்லை என்று நினைத்துக்கொள்கிற ஆறுதல்கூட அவர்களுக்கு இல்லை.

ஏரியும் முன்போல இல்லை. 2005-இல் இங்கே வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. விரல்நகம் அளவுள்ள, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வெளிநாட்டுச் சிப்பி. தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி வடிகட்டிக் கண்ணாடியாக்கிவிடும். பார்ப்பவர்களுக்குத் தெளிந்த ஏரி அழகு. மங்கலில் வாழும் மீனுக்கு அதுவே வீட்டுக் கூரையைப் பிரித்த மாதிரி. வால்ஐ குறைந்தது, சட்டம் இறுகியது. 2016 கோடையில் இந்த ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த வால்ஐ ஒவ்வொன்றையும் திருப்பித் தண்ணீரில் விட வேண்டும் என்று விதி. பலர் வரவில்லை. பெரியவர் போனார். விடுவதற்காகவா பிடிக்கப் போகிறீர்கள் என்று அப்போது கேட்டேன். பேருந்தில் ஏற்றிய பிள்ளைகளையும் இறக்கித்தானே விட்டேன் என்றார்.

ஓஜிப்வே மக்கள் இந்த மீனுக்காகக் காத்திருந்த கணக்கு வேறு. 1837 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோதே அதில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த உரிமை இன்னும் செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் மில் லாக்ஸ் வழக்கில் சொன்னது 1999-இல், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில். இளவேனிலில் இரவில் விளக்கோடு போய், வெளிச்சத்தில் மின்னும் அந்தக் கண்ணைப் பார்த்து ஈட்டி எறிவது அவர்கள் மரபு. வடக்கே ரெட் லேக் ஏரியில் இந்த மீன் ஏறக்குறைய அற்றுப்போனபோது பழங்குடி மக்களும் மாநில அரசும் சேர்ந்து வலையையும் தூண்டிலையும் ஒதுக்கிவைத்தார்கள், குஞ்சுகளை விட்டுக் காத்திருந்தார்கள். 2006-இல் மறுபடி திறந்தார்கள். எனக்கோ மூன்றாவது மணிநேரத்திலேயே விரல் மரத்துப்போகிறது.

என் பங்குக்கு அன்று நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் படகுத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது என்பதால், படகைச் சாலையில் இழுத்துப்போகும்போது அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டம். சரியான சட்டம். ஏரியில் இறக்கும்போது மறுபடி மாட்ட வேண்டும், அன்று அது என் வேலை. அடைப்பான் என் சட்டைப் பையிலேயே இருந்தது. கரையிலிருந்து இருநூறு அடி போனபிறகு பெரியவர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். "அலை உள்ளே அடிக்கிறது என்று நினைத்தேன்" என்றார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். திரும்பி வந்து, படகை வண்டியில் ஏற்றி, தண்ணீர் முழுக்க வடிகிறவரை இருபது நிமிடம் கரையில் நின்றோம். ஊரில் ஒரு பெரியவரோடு இப்படி நடந்திருந்தால் என் பரம்பரையே வசவில் இழுக்கப்பட்டிருக்கும். இவர் சொன்னது இவ்வளவுதான்: இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம், ஏரி நடுவில் தெரிந்திருக்கலாம்.

மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு கடி. உள்ளங்கை நீளப் பெர்ச். அட்டையின் பாதி அதன் வாயில் தொங்கியது. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். காற்று இன்னும் கூடியது, அலை முகடுகள் வெளுத்தன. இனி இது வால்ஐ அலை இல்லை, இனி இது ஆஸ்பத்திரி அலை என்றார். நாங்கள் திரும்பியதற்குக் காரணம் மீன் இல்லாதது அல்ல.

கரையில் படகை ஏற்றியபின் அடைப்பானைக் கழற்றி என் முன்னால் ஆட்டிக்காட்டிவிட்டு, டாஷ்போர்டின்மேல் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். அட்டைகள் இருக்கும் பெட்டியில் ஏரித்தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது. ஏரித்தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டுக் குழாயிலிருந்து பால் கேனில் பிடித்துக்கொண்டு வந்திருந்த தண்ணீரை ஊற்றினார். அட்டைகள் சிலிர்த்துக்கொண்டு சுற்றிவந்தன. விரலால் துழாவித் துழாவி எண்ணினார்.

"இருபத்தொன்பது" என்றார். மூன்று டஜன் வாங்கியிருந்தோம். "ஏழு குறைகிறது. ஒன்று அந்தப் பெர்ச். ஆறு அட்டையை யாரோ கீழே தின்றிருக்கிறார்கள். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

மூடியை அழுத்தி மூடி, அடுத்த சனிக்கிழமைக்கு இது போதும் என்று பெட்டியை என் மடியில் வைத்தார். அந்த ஆறில் நான்கு என் விரலிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தவை. நான் சொல்லவில்லை.